ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடுமா?

டெஸ்க்டாப்பை அப்கிரேடு செய்தபின் கோளாறு வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸை மறுபடி நிறுவச் சொல்கிறார் நண்பர் ஒருவர். புதியவர்களைத் தவறான பாதையில் இழுத்துவிடும் யோசனை இது.

2024 பிப்ரவரியில் வந்த கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளமான க்யூட்டி நிரலகம் 5-இலிருந்து 6-க்கு மாறியது. பிளாஸ்மா 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகள் அதில் அப்படியே ஓடாது. பேனல் காணாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹோம் ஃபோல்டரில் தங்கிவிட்ட பழைய அமைப்புகளைத்தான். ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்து, அதை அழிக்காமல் விட்டால், மறுபடி நிறுவிய பிறகும் அதே தொல்லை வந்து நிற்கும்!

புதிய பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடினால் பழுது சிஸ்டத்தில் இல்லை, உங்கள் பழைய கோப்புகளில். பழைய கணக்கின் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் பிளாஸ்மா கோப்புகளின் பெயரை மாற்றிவைத்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். எதையும் இழக்கவேண்டியதில்லை.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளில், வேலண்ட் என்ற திரைக்காட்சி முறையில், திரை மினுங்கிய கதையோ வேறு. 555 வரிசை டிரைவரும் பிளாஸ்மா 6.1-உம் சேர்ந்து கொண்டுவந்த எக்ஸ்ப்ளிசிட் சிங்க் என்ற ஒத்திசைவு முறைதான் அதற்கு மருந்து. அதுவரை எத்தனை முறை ஃபார்மேட் அடித்திருந்தாலும் மினுக்கல் நின்றிருக்காது.