வாசகர் கேள்வி: கரன்ட் இல்லாத தோப்பில் நிற்கும் பழைய வேனுக்குக் குழாய்த் தண்ணீர்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மலையடிவாரச் சரிவில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. இ.பி. இணைப்பு இல்லை, சொந்தக் கிணறும் இல்லை. காவலுக்காக அப்பாவும் அம்மாவும் தோப்பிலேயே தங்குகிறார்கள். ஓட்டம் முடிந்த பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, சின்னதாக ஒரு சிங்க் என்று வீடாக்கியிருக்கிறார்கள். விளக்குக்கு ஒரு சோலார் பேனலும் பேட்டரியும் இருக்கின்றன. தண்ணீர் மட்டும் 300 அடி தள்ளி இருக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் வருகிறது. தினமும் ஐந்து குடம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் கூரைமேல் 500 லிட்டர் டேங்க் வைத்து, பழைய பேட்டரி ஸ்பிரேயரின் மோட்டாரைக் கழற்றி மாட்டித் தண்ணீர் ஏற்றிவிடலாம் என்பது தம்பியின் யோசனை. செய்யலாமா என்பதுதான் கேள்வி.

டேங்க் வைக்கலாம், கூரைமேல் வேண்டாம். ஸ்பிரேயர் மோட்டார் மட்டும் கூடவே கூடாது.

முதலில் ஸ்பிரேயர். பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடித்த கருவி அது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது என்று சொல்வார்கள். கழுவினால் டேங்க் சுத்தமாகலாம். ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம், சின்ன வால்வுகள், ஓஸ் பைப்பின் உட்சுவர் எல்லாம் மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். அது நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும். வாசனை வராது, நிறம் மாறாது. குடிக்கவும் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் போகிற தண்ணீர் அந்த மோட்டார் வழியாகப் போகவே கூடாது. மருந்து வந்த டிரம், கெமிக்கல் கம்பெனியிலிருந்து கைமாறி வரும் நீல டிரம் இவற்றுக்கும் இதே பேச்சுதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கித் தண்ணீர் பிடித்துவைக்கிற வீடுகள் நிறைய இருக்கின்றன.

அடுத்து கூரை. 500 லிட்டர் தண்ணீர் என்றால் 500 கிலோ. ஐம்பது கிலோ உர மூட்டை பத்தைத் தூக்கி வேன் தலையில் அடுக்குவதற்குச் சமம். வேனின் கூரைத் தகடு அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. பழைய வண்டியில் துருப் பிடிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது ஜன்னல் தூண்கள் அடிச்சட்டத்தோடு சேரும் மூலைகளில்தான். டயரில் காற்று இறங்கி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், உயரத்தில் இருக்கும் பாரம் அதை இன்னும் சாய்க்கும். உள்ளே இரண்டு வயதானவர்கள் தூங்குகிறார்கள். டேங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிச்சட்டத்துக்கு அடியில் நான்கு இடத்தில் கருங்கல்லோ கான்கிரீட் கட்டையோ கொடுத்து, பாரத்தை டயரிலிருந்து இறக்கிவிடுவது நல்லது.

டேங்கை எங்கே வைப்பது? சரிவு நிலம் என்று வாசகி எழுதியிருக்கிறார். அதுவே பாதி வேலையை முடித்துவிடுகிறது. வேனுக்கு மேல்பக்கமாக, சரிவில் ஏறி, ஓர் இடம் பார்க்க வேண்டும். கணக்கு சுலபம். வேனின் தளம் மண்ணிலிருந்து இரண்டரை அடி என்று வைத்துக்கொண்டால், சிங்க் குழாய் அதற்கு மேல் மூன்றரை அடி. ஆக, குழாய் வாய் மண்ணிலிருந்து ஆறடி உயரத்தில் இருக்கிறது. டேங்கின் அடிப்பாகம் அதைவிட நான்கடியாவது உயர்ந்திருந்தால் தண்ணீர் தாராளமாக விழும். அதாவது வேன் நிற்கும் மண்மட்டத்திலிருந்து பத்தடி. நிலம் ஏழடி ஏறுகிற இடத்தில் மூன்றடிக் கருங்கல் மேடை கட்டினால் போதும், பத்தடி இரும்பு ஸ்டாண்டும் அதற்கு அஸ்திவாரமும் தேவைப்படாது. நிலம் எத்தனை அடி ஏறுகிறது என்பதைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், சரிவில் கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கி, இரண்டு கம்பு நட்டு அளந்துவிடலாம்.

இந்த உயரத்தில் அழுத்தம் அதிகம் இருக்காது. 33 அடி உயரத் தண்ணீர்தான் ஒரு கிலோ அழுத்தம் தரும். இங்கே கிடைப்பது அதில் எட்டில் ஒரு பங்கு. பாத்திரம் கழுவ, கை கால் கழுவ, பக்கெட் நிரப்ப அது போதும். ஆனால் குழாய் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. டேங்கிலிருந்து ஒரு அங்குல பைப், வேனுக்குள் முக்கால் அங்குலம், திருகுக் குழாய்க்குப் பதில் முழுத் துளை உள்ள பால் வால்வு. முழங்கை வளைவுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பைப் வழியில் எங்கும் மேடு ஏறி இறங்கக் கூடாது. மேட்டில் காற்று மாட்டிக்கொண்டால் டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டுக்கூட வராது. பிளம்பரைக் கூப்பிட்டு, குழாயில் அடைப்பு என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் காற்று என்று தெரியவரும். பி.வி.சி. பைப் வெயிலில் கிடந்தால் நொறுங்கிப்போகும், அணிலும் எலியும் மெல்லிய ஓஸைக் கடிக்கும். ஓரடி ஆழத்தில் புதைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. மண்ணுக்கு வெளியே தெரியும் பகுதிக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

டேங்கில் ஒரு வாயில் மட்டும் வைக்காமல் இரண்டாக வைத்தால் வயதானவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கீழ்ப் பகுதியில் மூன்று அங்குல உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் இன்னோர் அரை அடி தள்ளி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி வால்வு, இரண்டும் ஒரே பைப்பில் சேரும். வழக்கமாக மேல் வாயில் மட்டும் திறந்திருக்கும். குழாயில் தண்ணீர் நின்றால், கீழே இன்னும் ஐந்தாறு குடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். கீழ் வால்வைத் திறந்துவிட்டு டேங்கை நிரப்ப ஏற்பாடு செய்யலாம். பைக்கில் ரிசர்வ் போடுகிற மாதிரிதான். அப்பா மேடைமேல் ஏறி மூடியைத் திறந்து எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. கீழ் மூன்று அங்குலம் வண்டல் தங்குவதற்கு. அதைக் கழுவிவிட அடியில் ஒரு பிளக் இருக்க வேண்டும்.

இனி நிரப்புவது. பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்றால் ஐந்து குடம் 75 லிட்டர். குழாய் வந்துவிட்டால் செலவு கட்டாயம் கூடும். குடம் தூக்கியவர்களுக்குத் தெரிந்த அருமை குழாய்க்குத் தெரியாது. நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும், ஒரு தடவை நிரப்பினால் ஐந்து நாள் வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மனம்வைத்தால், அவர் பாசனத்துக்கு மோட்டார் போடும் நேரத்தில் ஓஸ் மாட்டி நிரப்பிக்கொள்வதுதான் மிகச் சுலபம். சில நிமிட வேலை. இதற்குத் தனியாக ஒரு ஓஸ் வேண்டும், மருந்து கலக்கும் டிரம்முக்குப் போட்ட ஓஸ் வேண்டாம். ஆனால் அவருடைய விவசாய இணைப்பிலிருந்து ஒயர் இழுத்து வேனுக்குக் கொண்டுவரக் கூடாது. விதிப்படியும் தவறு, ஈர மண்ணில் கிடக்கும் ஒயர் உயிருக்கும் ஆபத்து.

அந்த உதவி கிடைக்காவிட்டால் சோலார் பக்கம் போகலாம். 12 வோல்ட் பம்பு புதிதாக வாங்க வேண்டும். ஸ்பிரேயர் மோட்டார் மாதிரியான சின்ன பம்பு மேலே உட்கார்ந்துகொண்டு ஆழத்திலிருந்து உறிஞ்சாது, ஆறேழு அடிக்கு மேல் திணறும். எவ்வளவு பெரிய மோட்டாராக இருந்தாலும், மேலே வைத்தால் சுமார் 25 அடிக்கு மேல் இழுக்க முடியாது என்பது தெரிந்ததுதான். கிணற்றில் தண்ணீர் கோடையில் எங்கே நிற்கும் என்று கேட்டு, அதற்கேற்ற 12 வோல்ட் நீர்மூழ்கி பம்பாக வாங்க வேண்டும். கிணற்று ஆழம், சரிவு, டேங்க் உயரம் மூன்றையும் கூட்டிச் சொன்னால்தான் கடைக்காரர் சரியான பம்பைத் தருவார். நிமிடத்துக்கு நான்கு லிட்டர் தரும் பம்பு 500 லிட்டர் நிரப்ப இரண்டு மணி நேரம் எடுக்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறைதானே, பரவாயில்லை. நல்ல வெயிலில் போட்டால் விளக்குக்கான பேட்டரி இறங்காது. பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் அவசியம். தகடும் மரமும் ரெக்ஸினும் சேர்ந்த வேனுக்குள் ஒயர் சூடேறினால் தப்பிக்க நேரம் இருக்காது.

வாசகி கேட்காத ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது இருக்கிறது. ஃபுளோரைடு கூடுதலாக உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் கறை மட்டும் வராது. மூட்டு வலி, முதுகு விறைப்பு என்று எலும்பையும் பிடிக்கும். அம்மாவின் முழங்கால் வலி வயதினால் வந்ததாக இருக்கலாம், சுமையினால் வந்ததாகவும் இருக்கலாம். என்றாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் இவ்வளவு நாளும் குடித்திருக்கிறார் என்றால், பரிசோதிக்காமல் குழாய் போடுவது சரியல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் பரிசோதனைக் கூடம் உண்டு. அங்கே கொடுத்துப் பார்க்கலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. உரம் போடும் நிலத்துக் கிணறு என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பிளீச்சிங் பவுடருக்கும் போகாது, மெழுகுவத்தி வடிகட்டிக்கும் போகாது. ஆர்.ஓ. கருவி எடுக்கும், ஆனால் அதற்கு அழுத்தமும் கரன்டும் வேண்டும், இந்த ஏற்பாட்டில் ஓடாது. எனவே அளவு கூடுதலாக இருந்தால் குழாய்த் தண்ணீர் கழுவ, குளிக்க, துணி துவைக்க மட்டும். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் போதும். ஊருக்குள் ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயில் 20 லிட்டர் கேன் இரண்டைப் பிடித்து, தம்பி பைக்கில் மூன்று நாளைக்கு ஒருமுறை கொண்டுவந்துவிடலாம். அடியில் குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பு மேடை உயரத்தில் வைத்தால் அம்மா குனியவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம்.

பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தால் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், குளோரின் போட்ட பிறகு. திறந்த கிணறு என்பதால் இது தேவை. புது டேங்கையும் பைப்பையும் முதலில் ஒரு தடவை கிருமி நீக்க வேண்டும். நூறு கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் 500 லிட்டர் டேங்கில் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாசனை வரும்வரை திறந்து மூடி, ஒரு ராத்திரி அப்படியே விட வேண்டும். காலையில் அதை மரத்தடியில் விடாமல் பாதையில் விட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில், 500 லிட்டருக்கு கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாசனை இருந்தால் சரி. துளியும் இல்லாவிட்டால் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். பாக்கெட்டைப் பிரித்துவைத்தால் சில வாரங்களில் பவுடர் சப்பென்று ஆகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

டேங்க் மூடி எப்போதும் இறுகியிருக்க வேண்டும். நிரம்பி வழியும் பைப்பின் வாயில் கொசுவலைத் துணி கட்ட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. தோப்பில் மருந்து அடிக்கிற நாளில் மூடிமேல் ஒரு பாலித்தீன் தாளும் போட்டுவைக்கலாம். அந்த வேலைக்கு இந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தால், ஓஸின் நுனி மருந்து டிரம்முக்குள் மூழ்கவே கூடாது, ஒரு சாண் மேலேயே நிற்க வேண்டும். டேங்க் காலியாகும் நேரத்தில் மருந்துக் கலவை பைப்பில் திரும்பி ஏற வழி உண்டு.

கழுவுகிற வேலையை வேனுக்கு வெளியே வைத்துக்கொள்வதே மேல். உள்ளே சிங்க்கில் ஒரு குழாய் இருக்கட்டும், கை கழுவ, அரிசி களைய. பாத்திரமும் துணியும் வேனை ஒட்டி இடுப்புயரக் கல் மேடை போட்டு அங்கே நடக்கட்டும். உள்ளே சிந்தும் தண்ணீர் தளத்தகட்டுக்கு அடியில் போய்த் துருவைத்தான் வளர்க்கும். கழிவுநீர் சக்கரங்களைத் தாண்டி, கீழ்ச்சரிவில் நாலைந்து வாழைக்கும் ஒரு வரிசை கல்வாழைக்கும் போகும்படி வாய்க்கால் வெட்டிவிடலாம். மழைக்காலத்தில் அங்கே தேங்கினால், இரண்டடிக்கு இரண்டடிக் குழி எடுத்து உடைகல்லும் மணலும் நிரப்பி அதில் இறக்கலாம்.

வேன் கூரை மழைநீரைப் பிடிக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறார். கூரை 12 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் விழும். ஆனால் பழைய பெயின்டும் துருவும் கலந்துதான் வரும், அது வாழைக்கும் கால் கழுவவும்.