வம்சம் காக்க ஒரு திருமணம்

ஷாங்காய் நகரின் மக்கள் பூங்காவில் வார இறுதி நாள்களில் முதியவர்கள் குடைகளை விரித்துத் தரையில் வைத்து வரிசையாக அமர்ந்திருப்பார்கள். மழைக்காக அன்று. ஒவ்வொரு குடையின் மீதும் ஒரு தாள் இருக்கும். மகன் அல்லது மகளின் வயது, உயரம், படிப்பு, ஊதியம், சொந்த வீடு உண்டா என்ற விவரங்கள் அதில் எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம் ஊர்த் தரகரின் கைப்பேசியில் இருப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

அந்தத் தாளில் இடம்பெறாத செய்தி ஒன்றுண்டு. தன் உள்ளம் பெண்ணை நாடவில்லை என்று அறிந்த மகனுக்கும் அங்கே பெண் தேடப்படுகிறது.

பெற்றோரைப் பேணும் கடமையைச் சீனர்கள் ‘சியாவ்’ என்பர். கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸ், பெற்றோருக்குப் பிள்ளை இழைக்கும் பிழைகளுள் வாரிசின்றிப் போவதே பெரிது எனப் போதித்தார். முன்னோருக்குப் படையலிட ஒருவன் வேண்டும் அல்லவா? ஆகவே, வாலிபனின் மனம் யாரை நாடுகிறது என்பதை அம்மரபு பெரிதாக விசாரிக்கவில்லை. அவன் மணந்தானா, பேரன் பிறந்தானா என்பதையே விசாரித்தது. ஹான் பேரரசர் அய், தம் கைச்சட்டையின் மீது உறங்கிக்கொண்டிருந்த ஆண் துணைவனை எழுப்ப மனமின்றிச் சட்டைக் கையை அறுத்துக்கொண்டு எழுந்தார் என்று பழைய வரலாற்று நூல் கூறுகிறது. ‘அறுத்த கைச்சட்டை’ என்பது அத்தகைய உறவுக்கே பெயராயிற்று. அந்தப் பேரரசருக்குப் பேரரசி இருந்தார். அந்தத் துணைவனுக்கும் மனைவி இருந்தாள். அவ்விரு பெண்களின் உள்ளத்தைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

‘நான் இன்னான்’ என்று தன் நாட்டத்தால் தன்னை அடையாளப்படுத்திக்கொள்வது அங்கே புதிய வழக்கம். தோழர் என்று பொருள்படும் ‘தொங்ஜி’ என்ற சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டதே 1989 இல், ஹாங்காங்கில்தான். சீன அரசு 1997 இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியபோது, இத்தகையோரைத் தண்டிக்கப் பயன்பட்ட பிரிவு நீங்கியது. 2001 இல் மனநோய்ப் பட்டியலிலிருந்தும் இது நீக்கப்பட்டது. இன்று அவ்விளைஞர்கள் அஞ்சுவது காவல் நிலையத்துக்கு அன்று. வசந்த விழாவுக்கு ஊர் திரும்பும்போது வீட்டில் எழும் கேள்விக்கு. 1980 முதல் 2015 வரை நீடித்த ஒரு குழந்தைக் கொள்கை இவர்களுள் பலரை ஒற்றைப் பிள்ளைகளாக்கிவிட்டது. பெற்றோர் இருவர், அவர்களைப் பெற்றவர் நால்வர், ஆக ஆறு பேரின் எதிர்பார்ப்பு ஒரே தோளில்.

சிலர் தம்மைப் போன்றே பெண்ணை நாடும் ஒரு பெண்ணுடன் பேசிவைத்துப் பெயருக்கு மணக்கின்றனர். இதற்கு ‘சிங்ஹுன்’ என்று பெயர். இருவரும் அறிந்தே செய்யும் நாடகம் அது. மற்றவர்களோ எதுவும் அறியாத ஒரு பெண்ணை மணந்துவிடுகின்றனர். அப்பெண்களுக்கும் சீனத்தில் ஒரு பெயர் உண்டு: ‘தொங்ச்சி’. கிங்தாவ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஜாங் பெய்ச்சுவான், இத்தகைய மனைவியர் ஒரு கோடிக்கும் அதிகம் என மதிப்பிட்டார். எண்ணிக்கை பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம், அவர்கள் இருப்பதில் ஐயமில்லை. கணவன் ஏன் தன்னைத் தொடுவதில்லை என்று தெரியாமல், தன் அழகிலும் குணத்திலும் குறை தேடிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்பவள் அவள். மாமியாருக்குப் பேரன் கிடைத்துவிடுகிறான். குடும்ப மானமும் காக்கப்படுகிறது.

ஓரினச் சேர்க்கை குறித்து மார்க்கம் வகுத்த வரம்பை நாம் அறிவோம். அதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆயினும் ஒரு ஹராமை மறைக்க இன்னொருவர் மகளை ஏமாற்றுவது எந்த வகையில் ஹலால் ஆகும்? நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை அண்ணலார் (ஸல்) கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. தானியத்துக்கே அப்படியென்றால் நிக்காஹுக்கு? தந்தை தம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா (ரலி) அவர்களின் திருமணத்தையே பெருமானார் ரத்துச் செய்தார்கள். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் பெரும் கடமை. அதன் எல்லையும் அங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது.

சீன முஸ்லிம் அறிஞர் ஒருவர் இதை முன்பே உணர்ந்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. நான்ஜிங் நகரத்து லியூ ஜி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்லாமிய ஒழுக்கங்களைச் சீன மொழியில் விளக்கி எழுதினார். மென்சியஸின் ஐந்து உறவுகளில் தந்தையும் மகனும் முதலில் வருவர். லியூ ஜியோ கணவன் மனைவியை முதலில் வைத்தார். ஆதம் நபியும் ஹவ்வா அம்மையாரும்தானே மனித உறவின் தொடக்கம்? பேரனுக்காக மருமகளைத் தேடும் வழக்கத்தை அவர் ஒரு வரிசை மாற்றத்தாலேயே திருத்தியிருக்கிறார்.

‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற மருந்துச் சீட்டு நம் வீடுகளிலும் எழுதப்படுகிறது. குடிப்பவனுக்கும் அதே சீட்டு, மனநலம் குன்றியவனுக்கும் அதே சீட்டு. தன் உள்ளத்துச் சோதனையைப் பெற்றவரிடம் நடுங்கிச் சொல்லும் மகனுக்கும் அதுவே கிடைக்குமானால், மணமேடையில் அமரப்போகும் பெண்ணிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பு யாருடையது?

2021 இல் நடைமுறைக்கு வந்த சீனச் சிவில் சட்டத்தின்படி, கடும் நோயை மறைத்துச் செய்த திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். இது நோயன்று என்பதால் அப்பிரிவு தொங்ச்சிக்கு உதவுவதில்லை. விவாகரத்து வழக்கே மிச்சம். நம் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளிலோ, கணவன் இல்லறத்துக்கு இயலாதவன் எனத் தெரியவந்தால், காழி ஓராண்டு தவணை கொடுத்துப் பின்னர் மனைவி விரும்பினால் பிரித்துவைக்க வழி உண்டு. அந்த வழியை நாடி ஒரு பெண் பள்ளிவாசல் படியேறினால், அவள் கூறுவதை எத்தனை ஜமாஅத் நிர்வாகங்கள் அமர்ந்து கேட்கும்?