மாரடைப்பு: தனிமனிதக் குற்றமா?

மாரடைப்பால் ஒருவர் மாண்டால், இழவு வீட்டில் முதலில் எழும் வினா அவர் என்ன உண்டார், எத்தனை சிகரெற் புகைத்தார், உடற்பயிற்சி செய்தாரா என்பதாகவே இருக்கின்றது. வாந்திபேதியால் ஒருவர் மாண்டால் இத்தகைய விசாரணை நடைபெறுவதில்லை. அங்கே ஊர்க்கிணறு சோதிக்கப்படுகின்றது. நீர் வழங்கும் பொறுப்புடையோர் வினவப்படுகின்றனர். ஒரு நோய்க்குச் சமூகம் பொறுப்பு, மற்றைய நோய்க்கு நோயாளியே பொறுப்பு என்னும் இவ்வேறுபாடு விஞ்ஞானம் கண்டறிந்த உண்மையா, அன்றி விஞ்ஞானத்தின் பெயரால் நிலைநிறுத்தப்பட்ட ஒரு கருத்தா? நாடித் தடிப்பு, குருதியுறைதல் ஆகியன பற்றி நிகழ்ந்த ஆராய்ச்சிகளையே சான்றாகக் கொண்டு நோக்குமிடத்து, அது பின்னையதே என்பது புலனாகும்.

நோயின் பொறிமுறை

மாரடைப்பு என்பது பெரும்பாலும் இரு நிகழ்ச்சிகளின் கூட்டாகும். இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுருநாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் கலங்களும் நார்ப்பொருளும் கல்சியமும் படிந்து, அச்சுவர் தடித்து இறுகுவது முதலாவது. அப்படிவின் மூடி வெடிக்க அல்லது தேய, அவ்விடத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்ள, பைபிரின் இழைகள் வலைபோற் பின்னி, குருதிக்கட்டி தோன்றி வழியை அடைப்பது இரண்டாவது. முன்னையது பல தசாப்தங்களின் வேலை. பின்னையது ஒரு நாழிகையின் வேலை.

இவ்விரண்டில் எது முதன்மையானது என்னும் வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிற்று. குருதியிலிருந்து படியும் பொருளே தடிப்புக்கு மூலம் என்றார் வியன்னாவின் றொக்கிற்றான்ஸ்கி. நாடிச் சுவரில் நிகழும் அழற்சியே மூலம் என்றார் ஜேர்மனியரான றுடோல்ப் விர்க்கோ. 1913 இல் ரசியாவில் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்திரோல் ஊட்டி நாடித் தடிப்பை உண்டாக்கிக் காட்டினார். காலப்போக்கிற் கொழுப்பே வாதத்தில் மேலோங்கியது. குருதிக்கட்டி மாரடைப்பின் காரணமா, விளைவா என்னும் ஐயம் 1980 வரை நீடித்தது. அவ்வாண்டிலே டிவூட்டும் அவர்தம் குழுவினரும், நோய்க்குறி தோன்றி நான்கு மணி நேரத்துள் சோதிக்கப்பட்டோருள் 87 சதவீதத்தினரின் முடியுருநாடி முற்றாக அடைபட்டிருந்தமையைக் கண்டு கூறினர்.

இவ்வரலாற்றில் மிகுதியும் மறக்கப்பட்டதோர் ஆய்வு உண்டு. இலண்டனிலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலையின் 1907 முதல் 1949 வரையான பிரேத பரிசோதனை ஏடுகளை ஜெறி மொறிஸ் ஆராய்ந்து 1951 இல் வெளியிட்டார். அக்காலப் பகுதியில் மாரடைப்பு மரணங்கள் பன்மடங்கு பெருகியிருந்தன. ஆயின் முடியுருநாடிகளின் தடிப்போ பெருகியிருக்கவில்லை. நாடிகள் முன்போலவே இருக்க, அவற்றை அடைக்கும் நிகழ்ச்சி மாத்திரம் பெருகுமாயின், மாறியது எது? நாற்பது ஆண்டுகளில் ஒரு நகரத்து மாந்தர் அனைவரும் ஒருங்கே ஒழுக்கங் கெட்டுவிட்டனர் என்று எவருங் கூறார். மாறியது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. அவர்கள் செய்த தொழில். அவர்களுக்குக் கிடைத்த உணவும் புகையிலையும்.

பிறேமிங்ஹாம் தந்ததும் தராததும்

1948 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துப் பிறேமிங்ஹாம் நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் கொண்டு தொடங்கிய ஆய்வு, இத்துறையின் போக்கை மாற்றியமைத்தது. உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல், புகைத்தல் என்பன மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பதை அது நிலைநாட்டிற்று. ‘ஆபத்துக் காரணி’ என்ற எண்ணக்கரு 1961 இல் வெளிவந்த அதன் அறிக்கையின் வழியாகவே பரவலாயிற்று. இவற்றின் பயனை மறுப்பது அறிவுடைமையாகாது. புகைத்தலைக் கைவிட்டவர் பிழைக்கின்றார். குருதியமுக்கம் தணிந்தவர் பாரிசவாதத்திலிருந்து தப்புகின்றார்.

எனினும் ஆபத்துக் காரணி என்னும் சொல் நாளடைவில் வேறொரு பணியையும் மேற்கொண்டது. ஆய்வாளன் கணக்கெடுப்பதற்கு வசதியாகத் தனிமனிதனை அலகாகக் கொண்டான். அவ்வசதியை அறியாதோரும், அறிந்தும் அறியாதார்போல் நடித்தோரும், நோயின் காரணமும் தனிமனிதனுக்குள்ளேயே அடங்கியுள்ளது என்று பொருள் கொண்டனர். அளவுகோலின் எல்லை, அளக்கப்படும் பொருளின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. இங்கேதான் தவறு தொடங்குகின்றது.

இக்கொள்கை அமெரிக்காவில் ஒரு பெரும் பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டது. ஆபத்து மிகுந்த 12,866 ஆண்கள் தெரிவு செய்யப்பட்டு இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உணவு, புகைத்தல், குருதியமுக்கம் ஆகியவை குறித்துத் தீவிரமான ஆலோசனையும் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. மற்றவர்கள் வழமையான வைத்தியத்துக்கு விடப்பட்டனர். சராசரியாக ஏழாண்டுகள் கழிந்தபின் 1982 இல் வெளியான முடிவு யாது? முடியுருநாடி நோயால் இறந்தோர் முதற் பிரிவில் ஆயிரவருக்கு 17.9, இரண்டாம் பிரிவில் 19.3. புள்ளிவிபரவியல் நோக்கில் இவ்வேறுபாடு கருதத்தக்கதன்று. ஆலோசனை பெறாத பிரிவினரும் அவ்வாண்டுகளில் புகைத்தலைக் குறைத்து உணவை மாற்றிக்கொண்டமை இதற்கு ஒரு காரணம் என விளக்கப்பட்டது. அவ்விளக்கமே இங்கு வலியுறுத்தப்படும் உண்மையை மெய்ப்பிக்கின்றது. ஒவ்வொருவராக அழைத்துப் போதிக்கப்பட்டதற்குச் சற்றேறக்குறைய ஈடான மாற்றத்தை, சமூகத்தில் வீசிய பொதுக்காற்றுத் தானாகவே நிகழ்த்திவிட்டது!

வைற்ஹோலின் படிக்கட்டு

பிரித்தானிய அரசாங்க ஊழியரிடையே 1967 இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு, தனிமனிதப் பொறுப்புவாதத்துக்கு விழுந்த பேரிடியாகும். மைக்கல் மார்மொற், ஜெப்றி றோஸ் முதலியோர் 1978 இல் வெளியிட்ட முடிவின்படி, ஏழரை ஆண்டுக் காலத்தில் மிகத் தாழ்ந்த தரத்து ஊழியர் முடியுருநாடி நோயால் இறந்த வீதம், மிக உயர்ந்த தரத்து நிருவாகிகளின் வீதத்தைப்போல் 3.6 மடங்காக இருந்தது. இவர்களுள் எவரும் வேலையற்றவரல்லர், பட்டினி கிடந்தவரல்லர், 1948 முதல் இலவச வைத்திய சேவை நிலவிய நாட்டினர்.

தாழ்ந்த தரத்தினர் கூடுதலாகப் புகைத்தனர் என்பது உண்மை. அவர்களின் குருதியமுக்கமும் உயர்ந்திருந்தது. ஆயின் புகைத்தல், குருதியமுக்கம், கொலஸ்திரோல், குளுக்கோசு, உடற்பருமன், உடலுழைப்பு அனைத்தையும் கணக்கிற் சேர்த்துக் கழித்த பின்னரும், பதவிப் படிக்கும் மரணத்துக்கும் இடையிலான தொடர்பு வலுவாகவே நின்றது. புகைக்காதோரிடையேயும் அப்படிக்கட்டுக் காணப்பட்டது.

1985 இல் 10,308 ஆண் பெண் ஊழியரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் வைற்ஹோல் ஆய்வு மேலும் ஆழமாகச் சென்றது. குருதியுறைதலுக்கு இன்றியமையாத பைபிரினோஜன் என்னும் புரதம், தாழ்ந்த தரத்தினரின் குருதியிற் கூடுதலாக இருந்தது. குழந்தைப் பருவத்தில் வசதி குன்றியிருந்தோரிடமும், தம் வேலையின்மீது தமக்கே அதிகாரமற்றிருந்தோரிடமும் கூடுதலாக இருந்தது. 1996 இல் வெளியான இம்முடிவு ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. பைபிரினோஜனே மாரடைப்பின் நேர்க்காரணம் என்ற கருத்துக்குப் பிற்கால மரபணு ஆய்வுகள் துணை நிற்கவில்லை என்பது மெய்யே. ஆயின் அது உடலினுள் நிகழும் அழற்சியின் ஓர் அடையாளம். மேலதிகாரியின் கட்டளையும், பிள்ளைப் பருவத்து வறுமையும் ஒருவரின் குருதியிலே தம் சுவட்டைப் பதித்துச் செல்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எதிர்வாதமும் மறுப்பும்

தனிமனிதப் பொறுப்புவாதிகள் இதற்குப் பதிலாக 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ‘இன்ரர்ஹார்ட்’ ஆய்வை எடுத்துக் காட்டுவர். ஒன்பது ஆபத்துக் காரணிகள் ஆண்களின் மாரடைப்பில் 90 சதவீதத்தையும் பெண்களினதில் 94 சதவீதத்தையும் விளக்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. எஞ்சியிருப்பது என்ன என்று அவர்கள் வினவுவர்.

முதலாவதாக, அவ்வொன்பதனுள் மனச்சமூக அழுத்தமும் ஒன்று என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர். இரண்டாவதாக, புகைத்தல் ஒரு காரணம் என்பதோடு வினா முடிந்துவிடுவதில்லை. புகைப்பவர் ஏன் குறித்த வகுப்பினராகவே பெரும்பாலும் உள்ளனர் என்னும் வினா அதன்பின் எழுகின்றது. மூன்றாவதாக, ஜெப்றி றோஸ் 1985 இல் எழுதிய கட்டுரையில் இவ்வாதத்தின் வேரையே அறுத்துவிட்டார். எல்லோரும் நாளொன்றுக்கு இருபது சிகரெற் புகைக்கும் நாட்டில் ஆய்வு நடந்தால், சுவாசப்பைப் புற்றுநோய் பரம்பரை நோய் என்றே முடிவு கிட்டும் என்றார் அவர். ஒருவர் ஏன் நோயுற்றார் என்பது ஒரு வினா. ஒரு மக்கட்கூட்டத்தில் நோய் ஏன் இவ்வளவு மலிந்துள்ளது என்பது வேறொரு வினா. முன்னைய வினாவின் விடையைப் பின்னையதற்கும் விடையாக வழங்குவோர் விஞ்ஞானத்துக்கு ஊறு செய்கின்றனர்.

இன்ரர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியத் தரவுகள் இலங்கையையும் உள்ளடக்கியவை. முதல் மாரடைப்பு நேர்ந்த சராசரி வயது தெற்காசியரிடையே 53 எனவும், ஏனைய நாட்டினரிடையே ஏறத்தாழ 59 எனவும் 2007 இல் அறிக்கையிடப்பட்டது. தெற்காசியரிடம் ஆபத்துக் காரணிகள் இளவயதிலேயே மிகுந்திருத்தல் இதன் காரணம் எனப்பட்டது. ஐந்து நாட்டு மக்கள் ஆறு ஆண்டு முன்கூட்டியே நோயுறுவதைத் தனித்தனி மனிதர்களின் சோம்பலாலும் நாவடக்கமின்மையாலும் விளக்க முனைவது நகைப்புக்கிடமானதன்றோ?

குற்றச்சாட்டால் பயன்பெறுவோர்

நோயாளியைக் குற்றவாளியாக்குவதால் நன்மை அடைவோர் யார்? இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி 2016 இல் வெளிவந்தது. அமெரிக்கச் சீனி உற்பத்தியாளர் சார்பான ஆராய்ச்சி நிறுவனம், ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 6,500 டொலர் வழங்கியமையும், அதன் பயனாக 1967 இல் சீனியின் பங்கைச் சிறிதாக்கிக் கொழுப்பின் பங்கைப் பெரிதாக்கும் மீளாய்வுக் கட்டுரை வெளியானமையும், பணம் பெற்ற செய்தி அதில் மறைக்கப்பட்டமையும் ஆவணங்களால் வெளிப்பட்டன. இதனால் நிறைந்த கொழுப்புத் தீங்கற்றது என்றாகிவிடாது. ஆயின் எதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, எதைத் தப்பவிடுவது என்னும் தீர்மானத்தில் பணப்பைக்கும் ஒரு வாக்கு உண்டு என்பது உறுதியாகின்றது.

மாற்று வழி உண்டு, அது கற்பனையன்று. பின்லாந்தின் வட கரேலியா மாவட்டத்தில் 1972 இல் தொடங்கிய திட்டம், நோயாளிகளை ஏசிக்கொண்டிருக்கவில்லை. பாலுணவு உற்பத்தியாளரையும், இறைச்சிப் பண்டம் செய்வோரையும், குடும்பப் பெண்களின் சங்கங்களையும் அது இணைத்துக்கொண்டது. நான்கு தசாப்தங்களுள் உழைக்கும் வயது ஆண்களின் முடியுருநாடி நோய் மரணவீதம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீழ்ந்தது. டென்மார்க் 2003 இல், தொழிற்சாலையில் ஐதரசனேற்றப்பட்ட எண்ணெய்களில் உண்டாகும் திரான்சுக் கொழுப்பை உணவுக் கொழுப்பின் 2 சதவீதத்துக்கு மட்டுப்படுத்திச் சட்டமியற்றியது. அந்நாட்டு மக்கள் அதற்காக எவ்வித மனக்கட்டுப்பாட்டையும் பயில வேண்டியிருக்கவில்லை, கட்டுப்படுத்தப்பட்டவர்கள் உற்பத்தியாளர்களே.

குருதிக்கட்டியை ஆராய்ந்து, இன்றும் வழங்கும் பெயரை அதற்கு இட்டவர் விர்க்கோ. அதே விர்க்கோ 1848 இல் மேற்சைலீசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்று, மருந்தை மட்டும் விதந்துரைக்கவில்லை. கல்வியும் சுதந்திரமும் வளமும் வேண்டுமென அறிக்கையிட்டார். வைத்தியம் ஒரு சமூக விஞ்ஞானம் என்பது அவரது கொள்கை. அவருடைய நாடி ஆராய்ச்சியைப் போற்றிப் பயின்ற வைத்திய உலகு, அவரது மற்றைய பாதியைக் கைநழுவவிட்டது. சமூகவியலும் பொருளியலும் பயில்வோரோ, குருதியும் நாடியும் தமக்குரிய பொருளல்ல என ஒதுங்கி நிற்கின்றனர். பல்கலைக்கழகத்தின் இரு பீடங்களுக்கு இடையிலான இவ்விடைவெளியிலேதான் நோயாளி தனியனாக நின்று குற்றஞ் சுமக்கின்றான்.

நாடி தடிக்கும் காலம் பல்லாண்டு. அப்பல்லாண்டுகளில் ஒருவர் பெற்ற கூலி, உண்ட உணவின் விலை, செய்த வேலையில் அவருக்கிருந்த உரிமை ஆகியவற்றை ஆராயாது, அவர் இறந்த பின்னர் அவரது உணவுக் கோப்பையை மட்டும் சோதிப்பது ஆராய்ச்சியன்று. கிணற்றைச் சோதிக்கக் கற்ற சமூகம், தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் சந்தையையும் சோதிக்கக் கற்றாக வேண்டும்.