மீடியன் ஒண்ணும் டெட்லைன் இல்லை பாஸ்!

கல்ச்சுரல்ஸ், அரியர், கேன்டீன் அக்கவுன்ட்னு ஜாலியா ஓடிக்கிட்டிருக்கிற இந்தப் பக்கத்துல, இந்த வாரம் கொஞ்சம் சீரியஸான மேட்டர். பயப்படாதீங்க... அழவைக்க மாட்டேன். ஆனா, மேத்ஸ் உண்டு!

உங்க வீட்டுல முதன்முதலா காலேஜ் படியேறின ஆளு நீங்கதானா? அப்போ பேங்க் ஃபார்ம்ல ஆரம்பிச்சு இன்ஷூரன்ஸ் லெட்டர் வரைக்கும், இங்கிலீஷ்ல எந்தப் பேப்பர் வந்தாலும் நேரா உங்க கைக்குத்தான் வரும். அந்த வரிசையில ஒருநாள் பயாப்ஸி ரிப்போர்ட்டும் வரலாம். எனக்கு வந்துச்சு.

நான் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தப்போ என் தாய்மாமாவுக்கு மஞ்சள் காமாலை. மாமா டெய்லர். வலி எதுவும் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணெல்லாம் மஞ்சள். ரெண்டு வாரம் கீழாநெல்லி சாப்பிட்டும் இறங்கலை. ஸ்கேன் எடுத்தப்போதான் தெரிஞ்சது, பித்தநாளத்துல புற்றுநோய்.

கல்லீரல்ல சுரக்கிற பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோற பைப்தான் பித்தநாளம். பைப் அடைச்சா தண்ணி ரிவர்ஸ்ல ஏறும் இல்லையா? அதேதான். பித்தம் ரத்தத்துல கலந்து கண்ணு மஞ்சளாகுது. மாமாவுக்கு அடைப்பு பைப்போட கீழ்ப்பகுதியில. அதனால, கணையத்தோட தலைப்பகுதி, சிறுகுடலோட ஆரம்பம், பித்தப்பை, பித்தநாளத்தோட கீழ்ப்பகுதின்னு எல்லாத்தையும் எடுத்துட்டு, மிச்சத்தைக் குடலோட இணைச்சுத் தைக்கிற 'விப்பிள்' ஆபரேஷன். தீபாவளி முடிஞ்சு, நவம்பர்ல நடந்துச்சு.

ரிப்போர்ட் வந்துச்சு. வெட்டின ஓரங்கள்ல புற்றுநோய் செல் இல்லை. ஆனா, ஒரு நிணநீர்க் கட்டியில இருந்துச்சு. டாக்டர் ரொம்ப நிதானமா சொன்னார்... ''கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு. தெரியாதது எங்கேயாவது இருக்கலாம். கேப்சைடபின்னு ஒரு கீமோ மாத்திரை, ஆறு மாசம் எடுக்கலாம். இல்லேன்னா, மாத்திரை இல்லாம செக்கப்புக்கு மட்டும் வரலாம். யோசிச்சுட்டு வாங்க.''

'இதைச் சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டா வேலை ஈஸி. 'யோசிச்சுட்டு வாங்க'ன்னு சொன்னா? வீட்டு ஹால்ல மாநாடு கூடிடுச்சு! ''கட்டாயம் எடுக்கணும்''னு பெரிய மாமா. ''கீமோன்னா முடியெல்லாம் கொட்டிடும், ஆளே உருக்குலைஞ்சு போயிடுவாரு''ன்னு சித்தி. அத்தை எதுவும் பேசலை. கடைசியில எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. ''நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே... பார்த்து சொல்லுடா!''

இதுல வேடிக்கை என்னன்னா, சம்பந்தப்பட்ட ஆளு உள் ரூம்ல படுத்திருந்தார். அவருக்கு 'ஏதோ கட்டி, எடுத்தாச்சு'ன்னு மட்டும்தான் சொல்லியிருந்தாங்க!

நம்பர்ஸ் என்ன சொல்லுது?

இப்போ மேத்ஸ் பீரியட். இங்கிலாந்துல 'பில்கேப்'னு ஒரு ஆராய்ச்சி. பித்தநாளம், பித்தப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்ச 447 பேர். பாதிப் பேருக்குக் கேப்சைடபின், மீதிப் பேருக்கு செக்கப் மட்டும். 2019-ல முடிவு வந்துச்சு. மாத்திரை எடுத்தவங்க உயிரோட இருந்த காலத்தோட மீடியன் 51.1 மாசம். எடுக்காதவங்களுக்கு 36.4 மாசம்.

'அப்போ மாத்திரைதான் பெஸ்ட்!'னு குதிக்காதீங்க. பி-வேல்யூ 0.097. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்குப் புரியும். மருந்தால ஒரு பலனும் இல்லைன்னே வெச்சுக்கிட்டாலும், இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர்றதுக்கு நூத்துக்குப் பத்து சான்ஸ் இருக்கு. வழக்கமா கேட்கிறது அஞ்சுக்குக் கீழே. அதாவது, பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் பக்கத்துல வந்து நின்ன பேப்பர். அப்படியும், திட்டப்படி மாத்திரை எடுத்தவங்களைத் தனியா கணக்குப் பார்த்தப்போ பலன் தெரிஞ்சதால, அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் அதே 2019-ல 'ஆறு மாசம் கேப்சைடபின் கொடுக்கலாம்'னு சொல்லிடுச்சு.

'கீமோ'ங்கிறது ஒரே மருந்தும் இல்லை. ஜப்பான்ல ஜெம்சைடபினை மட்டும் கொடுத்துப் பார்த்தாங்க. பிரான்ஸ்ல ஜெம்சைடபினோட ஆக்ஸாலிபிளாட்டினைச் சேர்த்துக் கொடுத்தாங்க. ரெண்டுலயும் ஆயுள் கூடினதா நிரூபிக்க முடியலை. அதே ஜப்பான்ல 440 பேருக்கு நடந்த இன்னொரு ஆராய்ச்சி, கேப்சைடபினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரியான எஸ்-1 மாத்திரையை வெச்சு. 2023-ல வந்த ரிசல்ட் இது: மூணு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, மாத்திரை எடுத்தவங்கள்ல 77.1 சதவிகிதம். எடுக்காதவங்கள்ல 67.6 சதவிகிதம்.

இதை நூறு பேரா மாத்திப் பாருங்க. சுமார் 68 பேர் மாத்திரை இல்லாமலே மூணு வருஷம் தாண்டியிருப்பாங்க. 23 பேர் மாத்திரை எடுத்தும் தாண்டலை. நடுவுல இருக்கிற ஒன்பது, பத்துப் பேருக்குத்தான் அந்த மாத்திரை ஆட்டத்தை மாத்தியிருக்கு. அந்தப் பத்துப் பேர்ல நம்ம ஆளு இருக்காரா? டாக்டருக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, மீடியன்னா என்ன? அறுபது பேர் கிளாஸ்ல மார்க்கை வரிசையா அடுக்கினா நடுவுல நிக்கிறவனோட மார்க். அவ்ளோதான். அவனுக்கு மேலே 90 வாங்கினவனும் இருப்பான், கீழே அரியர் வெச்சவனும் இருப்பான். '36 மாசம்'னு படிச்சதும் காலண்டரை எடுத்து எண்ணுறது இருக்கே... அது தப்புக் கணக்கு!

மாமா கேட்ட கேள்வி

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு, ஹாலைத் தாண்டி ரூமுக்குள்ள போனேன். பெரிய மாமா முறைச்சார். அத்தை மட்டும், ''சொல்லட்டும் அண்ணே... அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க?''ன்னாங்க.

மாமாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. ''ஆஸ்பத்திரி வாசல் போர்டைப் படிக்கத் தெரியாதா மாப்ளே எனக்கு?''ன்னு சிரிச்சார். பேப்பரைப் பொறுமையா கேட்டார். அப்புறம் ஹால்ல இருந்த பத்துப் பேருக்கும் தோணாத ஒரு கேள்வி கேட்டார். ''இந்த மாத்திரை கையை என்ன பண்ணும்? கத்தரி பிடிக்க முடியுமா?''

சரியான கேள்வி! இந்த மாத்திரையில முடி பெரும்பாலும் கொட்டுறதில்லை. ஆனா உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து, எரிஞ்சு, தோல் உரியும். பில்கேப்ல மாத்திரை எடுத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இது கடுமையா வந்திருக்கு. ஒரு டெய்லருக்கு முடியைவிட விரல் முக்கியம் இல்லையா? டாக்டர்கிட்ட நேரா கேட்டோம். ''டோஸைக் குறைக்கலாம், இடையில ஒரு வாரம் நிறுத்தலாம், நீங்க சொல்ற அன்னிக்கே முழுசா நிறுத்தலாம்''னார். ''அப்போ ஆரம்பிக்கலாம்''னு மாமாதான் சொன்னார்.

ரெண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ரெஸ்ட். இப்படி எட்டு ரவுண்டு. ஜனவரியில ஆரம்பிச்சோம். மூணாவது ரவுண்டுல கை சிவந்துச்சு. டோஸ் குறைச்சாங்க. அஞ்சாவதுல ரேஷன் கடை மெஷின்ல ரேகையே விழலை! அத்தை ரேகை வெச்சு அரிசி வாங்கிட்டு வந்தாங்க. ஆறாவது முடிஞ்சப்போ மே மாசம். ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன். வெடிச்ச விரலோட காஜா எடுக்க முடியலை. டாக்டர்கிட்ட பேசிட்டு, ''போதும்''னு மாமா நிறுத்தினார். ஜூன்ல ஊர்ப் பசங்க பாதிப் பேர் மாமா தைச்ச சட்டையிலதான் ஸ்கூலுக்குப் போனாங்க.

திரும்ப வந்துச்சு...

மூணு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன், சி.ஏ. 19-9 ரத்தப் பரிசோதனை. (இந்த நம்பர் ஏறினாலே கேன்சர்னு அர்த்தம் இல்லை. பித்தநாளத்துல அடைப்போ, கிருமித் தொற்றோ இருந்தாலும் ஏறும். அதனால ஸ்கேனையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க.) ஆபரேஷன் முடிஞ்ச 15-வது மாசம், கல்லீரல்ல ரெண்டு புள்ளி. திரும்ப வந்திருச்சு.

அன்னிக்கு ராத்திரி அத்தை என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க. ''அந்த ரெண்டு ரவுண்டையும் முடிச்சிருந்தா வந்திருக்காதோ?''

மக்களே, உங்களையும் ஒருநாள் யாராவது இப்படிக் கேட்கலாம். ரவுண்டு நிறுத்தினதுக்காக இல்லேன்னா, கீமோவே வேணாம்னு சொன்னதுக்காக. இல்லேன்னா, 'வீணா கீமோ எடுத்து கஷ்டப்படுத்திட்டோமோ'ன்னு. அதனால பதிலைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. எட்டு ரவுண்டும் முடிச்சவங்களுக்கும் திரும்ப வந்திருக்கு. ஒரு மாத்திரைகூட எடுக்காதவங்களுக்கு வராமலும் இருந்திருக்கு. பில்கேப்ல ரெண்டு பக்கத்துலயுமே பாதிக்கு மேலானவங்களுக்குத் திரும்ப வந்துச்சு. முடிவு சரியா தப்பாங்கிறதை, பின்னாடி வந்த ஸ்கேனை வெச்சு சொல்ல முடியாது. அன்னிக்குக் கையில என்ன தகவல் இருந்துச்சு, யாரைக் கேட்டு முடிவு பண்ணோம், இதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.

நான் இதைச் சுத்திவளைச்சு சொல்லிக்கிட்டிருந்தப்போ மாமா உள்ளேருந்து சொன்னார்... ''சட்டை இன்னிக்குப் பத்தலைன்னா அன்னிக்கு அளவு தப்புன்னு அர்த்தமா? அளவெடுத்த அன்னிக்குச் சரிதான். விடு!''

திரும்ப வந்த பிறகு கேள்வியே வேற. அப்போ கேட்டது 'வராம தடுக்க முடியுமா?' இப்போ கேட்கிறது 'எவ்வளவு காலம், எப்படி?' 2010-ல வந்த ஆராய்ச்சியில ஜெம்சைடபின், சிஸ்பிளாட்டின் ஜோடி, மீடியனை 8.1 மாசத்துல இருந்து 11.7 மாசமாக்குச்சு. 2022-ல அதோட டர்வாலுமாப்ங்கிற இம்யூனோதெரபியைச் சேர்த்தாங்க. மீடியன் பெருசா நகரலை. 11.3-ல இருந்து 12.9 மாசம்தான். ஆனா, மூணு வருஷம் தாண்டினவங்களைப் பாருங்க... நூத்துக்கு ஏழு பேர், கிட்டத்தட்ட பதினஞ்சு பேரா ஆனாங்க! மீடியனை மட்டும் பார்த்திருந்தா இந்த எட்டுப் பேர் கண்ணுக்கே தெரிஞ்சிருக்க மாட்டாங்க. அதுக்காக 'நாமளும் அந்தப் பதினஞ்சுல ஒருத்தர்தான்'னு வாக்குக் கொடுத்துடாதீங்க. மீதி 85 பேரும் நிஜம்தான்.

டர்வாலுமாப் எங்க பட்ஜெட்டுக்குள்ள வரலை. ஜோடி மருந்து மட்டும். ''மூணு மாசம் போட்டுப் பார்ப்போம். ஸ்கேன்ல அடங்கியிருந்தா தொடரலாம். இல்லேன்னா என்னை மெஷின்ல உட்காரவிடுங்க''ன்னு மாமா சொல்லிட்டார். பெரிய மாமா இந்தத் தடவை எதிர்த்துப் பேசலை.

பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க!

டாக்டர் ரூமுக்குள்ள போனா பாதிக் கேள்வி மறந்துடும். அதனால...

1. வெட்டின ஓரம் சுத்தமா? நிணநீர்க் கட்டியில பரவியிருக்கா?

2. எந்த மருந்து, எத்தனை ரவுண்டு? இவரோட வேலைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் அது என்ன இடைஞ்சல் பண்ணும்?

3. கேப்சைடபின்னா, டி.பி.டி. குறைபாடு டெஸ்ட் பண்ணணுமா? (அந்த என்ஸைம் குறைவா இருக்கிறவங்களுக்கு வழக்கமான டோஸே ஆபத்து.)

4. திரும்ப வந்திருந்தா, பயாப்ஸியில ஜீன் டெஸ்ட் செய்யலாமா? (எஃப்.ஜி.எஃப்.ஆர்.2, ஐ.டி.ஹெச்.1 மாற்றம் இருக்கிறவங்களுக்குத் தனி மாத்திரைகளே இருக்கு. எல்லாருக்கும் பொருந்தாது.)

5. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எதெல்லாம் வரும், எதுக்கு நாம பணம் கட்டணும்?

6. வலிக்கும் அரிப்புக்கும் பாலியேட்டிவ் கேர் டாக்டரை இப்பவே பார்க்கலாமா? (அது 'கைவிட்டாச்சு'ன்னு அர்த்தம் இல்லை. மருந்து ஓடிக்கிட்டிருக்கும்போதே பார்க்கலாம்.)

கீமோ நாள்கள்ல காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா, விடியட்டும்னு காத்திருக்காம ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்க. குளிர்நடுக்கத்தோட கண்ணு திரும்ப மஞ்சளானாலும் அப்படித்தான்.

கடைசியா ஒண்ணு. ரிப்போர்ட் உங்க கைக்கு வந்தா, வீட்டோட நீதிபதி ஆயிடாதீங்க. நம்ம வேலை மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டும்தான். 'அவருக்கு எதுக்கு இதெல்லாம்'னு யாராவது சொல்லுவாங்க. முதல்ல அவர்கிட்ட, ''உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்?''னு கேளுங்க. சிலர் எல்லாம் வேணும்பாங்க. சிலர் ''நீங்களே பார்த்துக்கங்க''ம்பாங்க. ரெண்டும் அவங்க உரிமை. ஆனா, கேட்காம முடிவு பண்ற உரிமை ஹால்ல உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இல்லை.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பேப்பர் கைக்கு வந்த கதை இருந்தா எழுதுங்க. அடுத்த வாரம் வழக்கம்போல ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி ஆராய்ச்சி பண்ணலாம். வரட்டா!