ஆறாயிரம் டாலர் வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் முன்னோர் சவால் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில், மிசிசிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்லியம் ஃபாக்னர் இவ்விரண்டையும் பத்து மாத இடைவெளியில் செய்து பார்த்தவர். 1929 ஜூனில் திருமணம்; 1930 ஏப்ரலில் வீடு. கட்டவில்லை, வாங்கினார். ஆனால் அவ்வீடு இருந்த நிலைக்குப் புதிதாகக் கட்டுவதே எளிதாக இருந்திருக்கும்.

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. எழுத்தாளன் வீடு வாங்கினால் எழுத்து போயிற்று, மாதத் தவணை கட்டுகிறவனுக்குத் தரிசனம் வாய்க்காது என்பது அது. இதற்குச் சாட்சியாக ஃபாக்னரையும் அழைத்து நிறுத்துவார்கள். கடனை அடைக்க ஹாலிவுட்டுக்குப் போய் ஆண்டுகளை வீணாக்கினார் என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. விட்டுப்போன மறுபாதியைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

முதலில் கணக்கு. விலை 6,000 டாலர். முன்பணம் கிடையாது. மாதம் 75 டாலர் தவணை, 6 சதவீத வட்டி. முதல் மாதத் தவணையில் 30 டாலர் வட்டிக்கே போயிருக்கும் என்பது நாமே போட்டுப் பார்த்த கணக்கு. வாங்கியவருக்கு வயது 32. 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி' வெளிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. விமரிசகர் சிலர் வியந்தனர், வாங்கியவர்கள் சொற்பம். மனைவி எஸ்டெல் முதல் மணத்தின் இரு குழந்தைகளோடு வந்தவர். ஹொனலூலுவிலும் ஷாங்காயிலும் வசதியாக வாழ்ந்து பழகியவர்.

இன்றைய புகைப்படங்களில் அவ்வீட்டைப் பார்ப்பவர்கள் முகப்புத் தூண்களையும் வாயில்வரை இருபுறமும் நிற்கும் சீடர் மரங்களையும் கண்டு, ஜமீன் மாளிகை என்றே எண்ணுவார்கள். 1930இல் அங்கு மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை. கூரை ஒழுகியது. அடித்தளத்து உத்தரங்கள் உளுத்துப்போயிருந்தன. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி உத்தரங்களை மாற்றும் வேலையில் ஃபாக்னர் தாமும் கைகொடுத்தார். அதற்கு 'ரோவன் ஓக்' என்று பெயரிட்டார். ரோவன் என்பது ஸ்காட்லாந்து நாட்டார் நம்பிக்கையில் தீயசக்திகளை அண்டவிடாத மரம். அப்படிப் பெயரிட்டவரே அங்கே பேய் உலவுவதாகவும் ஒரு கதை கட்டிக் குழந்தைகளுக்குச் சொல்லி வந்தார்!

இனி எழுத்துக்கு வருவோம். எதிர்த்தரப்பினர் கையில் வலுவான சீட்டு ஒன்று இருக்கிறது. 'த சவுண்ட் அண்ட் த ஃப்யூரி'யும், பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவுப்பணியில் இருந்தபடி ஏறத்தாழ ஆறு வாரங்களில் எழுதிய 'ஆஸ் ஐ லே டையிங்'கும் வீடு வாங்குவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டவை. மறுப்பதற்கில்லை. ஆனால் 'லைட் இன் ஆகஸ்ட்' (1932), 'அப்சலோம், அப்சலோம்!' (1936), 'த ஹாம்லெட்' (1940), 'கோ டவுன், மோசஸ்' (1942) ஆகியவை தவணை தொடங்கிய பிறகு வந்தவை. இவற்றில் முதலிரண்டுக்கும் அவர் ஆரம்பத்தில் வைத்திருந்த தலைப்பு 'இருண்ட வீடு' என்பதையும் கவனிக்கவேண்டும்.

நமக்குத் தோன்றுவது இது. வீடு வாங்கும் முன் ஃபாக்னர் சொத்தை இழப்பவன் கண்வழியே பார்த்தார். காம்ப்சன் குடும்பம் மூத்த மகனின் ஹார்வர்டு படிப்புக்காக மேய்ச்சல் நிலத்தை விற்கிறது. அதை இழந்த பென்ஜியின் அழுகை நாவல் முழுதும் கேட்கிறது. வீடு வாங்கிய அதே ஏப்ரலில் அச்சேறிய 'எ ரோஸ் ஃபார் எமிலி'யும் வரி கட்ட மறுத்து, சிதையும் வீட்டைப் பற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் கதைதான். பிறகு பார்வை மாறுகிறது. வாங்குபவன் உள்ளே வருகிறான். 'அப்சலோம்' நாவலின் சட்பென், சிறுவனாக இருக்கையில் ஒரு பெரிய வீட்டின் முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குப் போகச் சொல்லித் துரத்தப்பட்டவன். அந்த அவமானத்திலிருந்து கிளம்பி, சிக்கசா பூர்வகுடித் தலைவனிடமிருந்து நூறு சதுர மைல் நிலத்தைப் பெற்று, அடிமைகளை வேலைவாங்கி மாளிகை எழுப்புகிறான்.

'த ஹாம்லெட்' இன்னும் நெருக்கமானது. பாழடைந்த பழைய பண்ணைவீடு ஒன்றை விற்க, ஃப்ளெம் ஸ்னோப்ஸ் அதன் தோட்டத்தில் நாணயங்களைப் புதைத்து வைக்கிறான். புதையல் ஆசையில் மூவர் வாங்குகிறார்கள். அவர்களில் ஆர்ம்ஸ்டிட் தன் பண்ணையையே அடகு வைக்கிறான். ராட்லிஃப் ஊரிலேயே கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர், அவரும் விழுகிறார். உள்நாட்டுப் போர்க்காலத்தில் புதைக்கப்பட்டதாக நம்பிய நாணயங்களில் போருக்குப் பிந்தைய ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பணம் கைமாறிய பிறகே பார்க்கிறார்கள். வில்லங்கச் சான்றிதழை முன்பதிவுக்குப் பின் புரட்டிப் பார்க்கும் நம்மவர்களுக்கு இக்காட்சி உறைக்கும். ஸ்னோப்ஸ் கதைகளின் கரு 1920களிலேயே அவரிடம் இருந்தது. ஆகவே எல்லாம் வீட்டால் வந்தது என்று நாம் சாதிக்கப்போவதில்லை. ஆனால் இந்தப் புதையல் ஏமாற்று முதலில் சிறுகதையாக அச்சேறியது 1932இல், உளுத்த உத்தரங்களை அவர் மாற்றியதன் பின்னர்.

ஹாலிவுட் விஷயத்திலும் பழியை முழுக்க அந்த 75 டாலர் மேல் சுமத்துவது சரியல்ல. 1932இல் பதிப்பகம் நொடித்துப்போய், ஓரளவு விற்ற 'சாங்க்சுவரி'யின் ராயல்டி கைக்கு வராத நிலையில், வாரம் 500 டாலருக்கு எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் போனார். அவ்வாண்டே தந்தை இறக்க, தாயின் பொறுப்பு வந்தது. 1935இல் தம்பி விமான விபத்தில் மாண்டபின் அவர் மனைவியும் குழந்தையும் சேர்ந்தனர். 1938இல் திரைப்பட உரிமை விற்ற பணத்தில் 320 ஏக்கர் பண்ணை ஒன்றையும் வாங்கிவைத்தார். இது அவராகத் தேடிக்கொண்ட சுமை. 1942இல் வார்னர் பிரதர்ஸ் ஒப்பந்தத்தில் வாரம் 300 டாலர்தான். பத்தாண்டு கழித்துச் சம்பளம் குறைந்திருந்தது. நம் மொழியில் வீடு என்றால் விடுதலை என்றும் பொருள்; ஆக்ஸ்ஃபோர்டில் அப்பொருள் செல்லுபடியாகவில்லை.

ஆனால் விலையைப் பேசும்போது ஃபாக்னர் கொடுத்ததை மட்டும் எண்ணுவது நமக்கு உவப்பில்லை. 1840களில் அவ்வீட்டைக் கட்டிய சீகாக் அடிமைகளை வைத்திருந்தவர். அதற்குச் சற்று முன், 1832 ஒப்பந்தம் வரை, அது சிக்கசா மக்களின் மண். கொல்லைப்புறச் சிறுவீட்டில் கரோலைன் பார் வாழ்ந்தார். அடிமையாகப் பிறந்து, ஃபாக்னரைக் குழந்தையிலிருந்து வளர்த்த கறுப்பினப் பெண்மணி. 1940இல் அவர் இறந்தபோது ஃபாக்னர் தம் முன்கூடத்தில் உடலை வைத்து இரங்கலுரை ஆற்றினார். 'கோ டவுன், மோசஸ்' நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். முன்வாசலையும் பின்வாசலையும் பற்றி சட்பென் வழியே அவ்வளவு எழுதியவரின் வீட்டிலும் அவர் இருந்தது பின்னால்தான். இதை ஃபாக்னர் அறியாமல் இருந்திருப்பார் என்று நம்மால் நம்ப முடியவில்லை.

எஸ்டெலின் கணக்கை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மிசிசிப்பியின் கோடை கொடியது. ஆனால் குளிர்சாதனப் பெட்டியை வீட்டுக்குள் ஃபாக்னர் அனுமதிக்கவில்லையாம். அவர் 1962 ஜூலை 6 அன்று மறைந்தார். இறுதிச்சடங்கு முடிந்த மறுநாளே எஸ்டெல் தம் அறைச் சன்னலில் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்தினார் என்று அங்கு வருகிறவர்களிடம் சொல்கிறார்கள்.