ஊர் மைதானமும் ஊரார் பொருளும்

நகரத்திலே வாழ்வார் எல்லார்க்கும் பொதுவாயுள்ளவை மிகச் சிலவே. வீடு அதனைக் கட்டினவனுக்கு உரியது. கடை அதனை நடத்துவோனுக்கு உரியது. ஆலயமும் அவ்வச் சமயத்தார்க்கே உரியது. சாலையும் கடற்கரையும் நூலகமும் விளையாட்டு மைதானமுமே இன்னார் இனியார் என்னும் வேறுபாடின்றி யாவரும் தமதென்று கூறத்தக்கனவாய் எஞ்சி நிற்கின்றன. இவற்றுள் மைதானம் இளையார்க்கு வாய்த்த தனிச் செல்வமாகும். அதனைத் திருத்திச் செப்பஞ்செய்தற்கும், செய்தபின் சீர்கெடாது காத்தற்கும் வேண்டும் பொருளைத் தருதற்குரியார் யாவர்? இதனையே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தேன்.

இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சென்னை மாநகராட்சி மன்றம், தனக்குரிய காற்பந்து மைதானங்களுள் செயற்கைப் புல் விரிக்கப்பெற்ற ஒன்பதனைத் தனியாரிடம் ஒப்புவித்து, ஆட வருவார் ஒவ்வொருவரிடத்தும் மணிக்கு 120 ரூபாய் கட்டணம் வாங்குதற்குத் தீர்மானஞ் செய்தது. ஆட்டக்காரரும் பல கட்சியினரும் எதிர்த்துக் குரலெழுப்பினர். சின்னாட்களிலேயே அத்தீர்மானம் கைவிடப்பட்டது. மைதானங்களிற் கட்டணமின்றியே ஆடலாம் என மேயர் அறிவித்தார்.

அவ்வறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்தாருள் யானும் ஒருவன். ஆயினும் மகிழ்ச்சி தணிந்தபின் நினைந்து பார்க்குமிடத்து, வினாவின் ஒரு பாதியே விடைபெற்றது என்பது புலனாயிற்று. ஆடும் பிள்ளைகளிடம் வாங்கலாகாது என்பது முடிவாயிற்று. அங்ஙனமாயின் வேறு யாரிடம் பெறுவது என்பது முடிவாகவில்லை. கட்டணம் நீங்கிற்று என்பதனாற் புல் தேயாதிருக்கப் போவதில்லை. வேலி துருப்பிடியாதிருக்கப் போவதில்லை. விளக்குகள் மின்செலவின்றி எரியப் போவதுமில்லை. விடையிறுக்கப்படாத வினா நாளடைவில் மீண்டும் எழும். அப்போது அதே தீர்மானம் வேறொரு பெயர் பூண்டு வருதலுங் கூடும்.

முதற்கண் அக்கட்டணத்தின் அளவை நோக்குவோம். மணிக்கு 120 ரூபாய் என்பது செல்வர்க்கு ஒரு சிற்றுண்டியின் விலை. நாடோறும் ஒரு மணிநேரமாகத் திங்களில் 25 நாள் ஆடிப் பழகும் சிறுவனுக்கோ அது 3,000 ரூபாய். பக்கத்திற்கு எழுவராகப் பதினால்வர் கூடி ஆடினால் ஒரு மணி ஆட்டத்திற்கு 1,680 ரூபாய். வடசென்னையிலுள்ள வியாசர்பாடியைக் காற்பந்தன்பர் ‘சின்னப் பிரேசில்’ என அழைப்பர். நாட்கூலி பெற்று வாழ்வார் பலர் உறையும் பகுதி அது. அவருள் ஒரு தந்தை திங்கள்தோறும் மூவாயிரம் ரூபாயை ஆட்டத்தின்பொருட்டு எடுத்து வைத்தல் இயலுமோ? இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர்க்கே கட்ட இயலுமாயின், அவ்வொருவர் பெரும்பாலும் மகனாகவே இருப்பர். மகள் வேலிக்குப் புறத்தே நின்று பார்த்திருப்பாள். கட்டணமானது பணத்தைக் கொள்வதோடு அமைவதன்று. உள்ளே செல்வார் இவர், வெளியே நிற்பார் இவர் என்று ஊர்ப்பிள்ளைகளை இருகூறாக்குவதும் அதுவே.

மறுதலைக் கூற்றையும் நேர்மையுடன் கேட்டல் நம் கடன். “செலவின்றி வந்ததை எவரும் பேணார், காவலின்றி விட்ட மைதானங்களிற் குப்பை சேர்கின்றது, இரவிற் குடிப்பார் வந்து தங்குகின்றனர், தனியாரிடம் விட்டால் துப்புரவேனும் இருக்கும்” என்பர் ஒரு சாரார். அவர் கூறும் நோய் மெய்யே. கூறும் மருந்தே பொருந்தாதது. துப்புரவுக்கு வேண்டுவார் காவலாளும் தோட்டக்காரனுமே. வாயிலில் நின்று சீட்டு விற்பவன் அல்லன். சாலையிற் குழி விழுந்தால், நடப்பாரிடம் அடிக்கு இவ்வளவென்று நாம் வாங்குவதில்லை. அதனை அடைத்தற்குரியாரைக் கேட்கின்றோம். மைதானத்திற்கு மட்டும் வேறு நீதி உண்டோ?

மைதானம் அமைத்தல் மாநகராட்சி விரும்பினாற் செய்யும் தருமமும் அன்று. 1992-ஆம் ஆண்டின் 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தாற் சேர்க்கப்பெற்ற பன்னிரண்டாம் அட்டவணை, நகராண்மைகட்கு ஒப்படைத்தற்குரிய பணிகளைப் பதினெட்டாக வகுத்துரைக்கின்றது. அவற்றுள் பூங்காவும் தோட்டமும் விளையாட்டு மைதானமும் போன்ற வசதிகளை அமைத்தல் பன்னிரண்டாவதாகும். குடிநீரையும் சாலையையும் பொதுச் சுகாதாரத்தையும் எழுதிய அதே பட்டியிலே மைதானமும் எழுதப்பட்டுள்ளது. இக்கருத்துத் தமிழர்க்குப் புதிதுமன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களை நான்காக எண்ணுமிடத்து, செல்வத்தோடும் அறிவோடும் விளையாட்டையும் ஒருநிரையில் வைத்தார். செல்வமுடையார்க்கே விளையாட்டு உரியதென்று அவர் கூறிற்றிலர். செல்வம் ஒரு களன், விளையாட்டு வேறொரு களன்.

மாநகராட்சி மைதானமென்றால் எளியதொரு வெற்றிடம் என்று எண்ணுவாரும் உளர். அவர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். 1956-ஆம் ஆண்டு சனவரியில் வினு மன்காடும் பங்கஜ் ராயும் நியூசிலாந்தை எதிர்த்து ஆடி, முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்து உலகச் சாதனை நிறுவினர். 2008 வரை, 52 ஆண்டுகள் எவரும் கடவாது நின்ற அச்சாதனை பிறந்த இடம், சென்னை மாநகராட்சியின் பெயரையே தாங்கிநின்ற கார்ப்பொரேஷன் ஸ்டேடியம். ஊர்ப்பொதுத் தரையும் உலகறிய நிற்கும் தகுதியுடையதே.

ஆயின் ‘பொதுப்பொருள்’ என்னும் சொல்லைக் கூறிவிட்ட மாத்திரத்தில் நம் கடமை தீர்ந்துவிடாது. கோபுரம் கட்ட விரும்புவோன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடானோ என்று லூக்கா சுவிசேஷத்தில் நம் ஆண்டவர் கேட்ட கேள்வி நகராண்மையார்க்கும் உரியது. நம் ஊர்களிற் கட்டுதற்குப் பொருள் கிடைத்தல் எளிது. கட்டியதைக் காத்தற்குக் கிடைத்தல் அரிது. திறப்புவிழாவிற்குக் கல்வெட்டு உண்டு. நாடோறும் நீர் விடுவானுக்குக் கல்வெட்டு ஏது? ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் தொகுதி வளர்ச்சி நிதியினின்று ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் அளவிற்குப் பணிகளைப் பரிந்துரைக்கலாம். அந்நிதி நிலையான பொதுச் சொத்துக்களை உண்டாக்குதற்கு உரியது. ஆண்டுதோறும் தொடர்ந்து வரும் செலவிற்கு உரியதன்று. எனவே பெற்றெடுத்தற்குத் தாய் உண்டு, வளர்த்தற்குச் செவிலி இல்லை என்னும் நிலையில் நம் மைதானங்கள் உள்ளன.

செயற்கைப் புல்லையே எடுத்துக்கொள்வோம். அது மிகுந்த ஆட்டத்தைத் தாங்கும்; மழை ஓய்ந்த சிறிது நேரத்திலே அதன்மேல் ஆடலாம்; வளர்தற்கு நீர் வேண்டா. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு தவித்த சென்னைக்கு இது சிறு நன்மையன்று. எனினும் ஏறத்தாழ எட்டு முதற் பத்தாண்டுகளில் அது தேய்ந்து, முற்றும் மாற்றப்படல் வேண்டும். இடைக்காலத்தும் வாரிவிடுதலும், இழைகளினிடையே நிரப்பிய இரப்பர்த் துகள் குறையுந்தோறும் இட்டு நிரப்புதலும் வேண்டும். நண்பகல் வெயிலிலோ வெறுங்கால் பொறுக்காதபடி சுடும். அத்துகள் மண்ணிலும் நீரிலும் கலந்து கேடு விளைத்தலால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இற் சட்டம் இயற்றி, அதன் விற்பனை 2031 முதல் நிகழாவண்ணம் தடுத்துள்ளது. ஆதலின் எவ்விடத்தும் செயற்கைப் புல்லே முன்னேற்றமாகும் எனக் கருதுதல் கூடாது. மண்தரையைச் சமன்செய்து, வடிகாலும் வேலியும் விளக்கும் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்தலே பல இடங்கட்குப் போதிய திருத்தமாகும். எதனை அமைப்பினும், பத்தாண்டுப் பராமரிப்புச் செலவை முதற்செலவோடு சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கு வழி கண்ட பின்னரே கடைக்கால் தோண்டுதல் வேண்டும்.

அவ்வழிதான் யாது? வள்ளுவர் அரசின் வன்மையை நான்காகப் பகுத்தார்: பொருள் வரும் வழியை உண்டாக்கல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல். இவற்றிற்கு ஒத்த முன்மாதிரி ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அது 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப்பின் இந்தியாவில் இயற்றப்பெற்ற முதல் நூலகச் சட்டம் அதுவே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, பின்னர் நூலகவியலின் தந்தையெனப் போற்றப்பட்ட எஸ். ஆர். இரங்கநாதனுடைய நெடுநாள் முயற்சியின் பயன் அது. அதன்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத் தண்டப்படுகின்றது. இப்போது அது ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலகத்தில் அமர்ந்து படித்தற்கு ஏழை மாணவன் காசு தரவேண்டுவதில்லை. படிப்பாரும் தருகின்றனர், படியாதாரும் தருகின்றனர். வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கின்றது.

இம்முறையையே மைதானத்திற்கும் கொள்ளலாம் என்பது என் கருத்து. வீட்டுவரியில் ரூபாய்க்கு இரண்டு காசினை மைதானப் பங்காக ஒதுக்குவோம். ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரி செலுத்தும் வீட்டிற்கு அப்பங்கு 100 ரூபாய். ஒரு பிள்ளை ஒரு மணிநேரம் ஆடுதற்குக் கேட்ட கட்டணத்தினும் அது குறைவு! புதுவரி என்றதும் வெகுள்வார் உளராயின், 2022-இல் உயர்த்தப்பெற்ற சொத்துவரியினின்றே அப்பங்கைப் பிரித்து வைக்கலாம். முதற்செலவிற்கு அரசின் மானியமும் வளர்ச்சி நிதியும் உதவுக. காக்கும் செலவிற்கு இப்பங்கு உதவுக.

“தண்டிய வரி உரிய இடஞ் சேருமோ?” என்று ஐயுறுவார் உளர். அவர் ஐயம் காரணமற்றதன்று. நூலக வரியைத் தண்டிய மாநகராட்சி, அதனை நூலகத் துறைக்கு உரிய காலத்திற் செலுத்தாது நிலுவை வைத்தமை பன்முறை செய்தியாயிற்று. ஆகலின் மைதானப் பங்கிற்குத் தனிக்கணக்கு வேண்டும். ஒவ்வொரு மைதானத்தின் வாயிலிலும் ஒரு பலகை நிறுவி, இவ்வாண்டு வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு, எஞ்சியது இவ்வளவு என்று தமிழில் எழுதிவைத்தல் வேண்டும். 2022-இல் விதிகள் வகுக்கப்பெற்ற வார்டுக் குழுக்களும் பகுதிச் சபைகளும் அக்கணக்கைக் கேட்கும் உரிமையைப் பயன்படுத்துக. பெண்மக்கள் அச்சமின்றி ஆடுதற்குரிய நேரத்தையும் அவையே வரையறுக்குக. வாயில் திறந்திருந்தும், வலியார் கூடி எளியாரைத் தள்ளுவாராயின், அதுவும் ஒருவகைக் கட்டணமே.

கட்டணம் என்னும் சொல்லையே யான் வெறுப்பவனல்லேன். தம் அலுவலர்க்குப் பந்தயம் நடத்த விரும்பும் கம்பெனிகளும், இரவு விளக்கொளியில் மைதானத்தைத் தனியே வேண்டும் குழுக்களும், வேலியில் விளம்பரம் வைப்பாரும் தக்க கூலி தருக. ‘நமக்கு நாமே’ திட்டத்தின்கீழ் ஊரார் ஒரு பங்கு தர, அரசு எஞ்சியதைத் தரும் முறையும் உண்டு. இயன்றவர் அதற்கு உதவுக. ஆயின் மாலைப்பொழுதும் விடுமுறை நாளும் பிள்ளைகளுக்கே உரியன என்னும் வரம்பைக் கடத்தலாகாது.

நண்பர்களே, இத்தனையும் கூறிய யாம் எவ்விடத்து நின்று கூறுகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக. நம் கல்லூரியின் மைதானத்தில் மாலைதோறும் ஆடுகின்றோம். அதனை வாங்கினவரும் திருத்தினவரும் நம்மைக் கண்டவரல்லர். நம்மிடம் மணிக்கு இவ்வளவென்று கேட்டவருமல்லர். எங்கோ ஒரு சபையார் காணிக்கைத் தட்டில் இட்ட காசும் நமக்குமுன் பயின்றார் தந்த பொருளும் நம் காலடியிற் புல்லாய் முளைத்திருக்கின்றன. பிறர் பொருளால் ஆடி வளர்ந்த நாம், வேலிக்கு அப்பாலுள்ள பிள்ளைகளைப் பார்த்து, ‘உங்கள் ஆட்டத்திற்கு நீங்களே விலை தருக’ என்று கூறுதல் முறையாகுமா? பழைய மாணவராகிய பெரியோர்கள் பலர் இன்று வரி செலுத்துவோர். சிலர் மன்றங்களில் அமர்ந்திருப்போர். தத்தம் வார்டிலுள்ள மைதானத்தின் கணக்கை ஆண்டுக்கொருமுறை கேட்பதையேனும் அவர்கள் தம் கடனாகக் கொள்வார்களாக. மாணவராகிய நாமும் அங்கே சென்று, சிறுவர்க்கு ஆட்டம் பயிற்றத் திங்களில் இரு மாலைப்பொழுதேனும் தருவோமாக.

சகரியா தீர்க்கதரிசி, மீண்டும் செழிக்கப்போகும் எருசலேமைப் பாடுமிடத்து, அந்நகரின் நலத்திற்கு அடையாளமாக இரண்டினைக் கூறினார்: கோலூன்றிய முதியோர் வீதிகளில் அமர்ந்திருத்தலும், சிறுவரும் சிறுமியரும் வீதி நிறைய விளையாடுதலும். அப்பிள்ளைகளிடம் சீட்டுக் கேட்டு நின்றார் எவரையும் அவர் காட்டிற்றிலர். நம் நகரமும் அத்தகைய நகரமாகுக. ஊர் மைதானம் ஊரார் பொருளால் வாழ்க.