நெகட்டிவ்வா யோசிங்க பாஸ்!

உங்க வீட்டு பீரோ மேல ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கா? எக்கி எடுத்துத் திறந்து பாருங்க. பட்டர் பேப்பர் கவர்ல ஆறு ஆறு ஃப்ரேமா வெட்டின நெகட்டிவ் இருக்கும். கூடவே ரெண்டு இன்ச் சதுர அட்டைக்குள்ள நாலைஞ்சு கலர் ஸ்லைடு. முதல்ல மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா, ஃபிலிமோட அசிடேட் அடித்தளமே சிதைய ஆரம்பிச்சிடுச்சுனு அர்த்தம். அடுத்து, வெளிச்சத்துல பிடிங்க. செடியோட வேர் மாதிரி மெல்லிசா கிளை பிரிஞ்சு ஓடுதா? அது பூஞ்சை.

சேலத்துல இருக்கிறவங்க தப்பிச்சீங்க. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்துட்டா கதையே வேற. 1,500 மீட்டர் உயரம், மழை மாசத்துல ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வர்ற பனிமூட்டம், ரெண்டு நாளானாலும் காயாத ஜீன்ஸ். காத்துல ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்டி அப்படியே நின்னா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஃபிலிம் மேல இருக்கிற ஜெலட்டின் அதுக்கு பிரியாணி. ஒரு எச்சரிக்கை: பூஞ்சையைப் பார்த்ததும் தண்ணி ஊத்திக் கழுவிடாதீங்க. பூஞ்சை தின்ன ஜெலட்டின் தண்ணியில கரையும். படமும் சேர்ந்தே போயிடும்!

அதனாலதான் இந்த வாரம் ஸ்கேனர் பஞ்சாயத்து.

எங்க தாத்தா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல கணக்கு எழுதினவர். கையில எப்பவும் கேமரா. அவர் விட்டுட்டுப் போன டின்ல சுமார் முந்நூறு ஃப்ரேம். காபிப் பழம் பறிக்கிற அக்காக்கள், மே மாசத்துல சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போற மலைக் கிராமத்து ஜனங்க, ஏரிக்கரையில யாரோ ஒரு பொடிப் பையன். இதுல பாதிப் பேரோட வீட்டுல அவங்க போட்டோ வேற எதுவுமே கிடையாதுனு பாட்டி சொல்றாங்க. அந்த முகங்க இருக்கிறது இந்த டின்ல மட்டும்தான்.

சரி, கடைக்குப் போனா முதல் டயலாக்: ‘‘இது 7,200 டிபிஐ தம்பி!’’ நம்பாதீங்க. நெகட்டிவ்வோட ஒரு ஃப்ரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். நிஜமான 4,000 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணினாலே சுமார் 5,670-க்கு 3,780 பிக்சல், அதாவது 21 மெகாபிக்சல் வந்துடும். 12 இன்ச் அகலப் பிரிண்ட்டுக்கு 3,600 பிக்சல் தாராளம். அப்புறம் எதுக்கு 7,200? அட்டைப்பெட்டி மேல அச்சடிக்க! பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ மேல அந்த நம்பர்தான் இருக்கு. சோதிச்சுப் பார்த்தவங்க கணக்குப்படி நிஜத்துல கிடைக்கிறது 3,000 சொச்சம். எப்சன் வி600 மாதிரி கண்ணாடி மேல வெச்சு எடுக்கிற ஃபிளாட்பெட்ல 6,400-னு போட்டிருக்கும். கிடைக்கிறது அதுல கால்வாசிதான். ஆனா ஒரே தடவையில 12 ஃப்ரேம் அடுக்கிட்டு டீ குடிக்கப் போயிடலாம். பிளஸ்டெக்ல ஒவ்வொரு ஃப்ரேமையும் கையால தள்ளிக்கிட்டே உட்காரணும். செமஸ்டர் லீவு முழுக்க அதுக்கே எழுதி வெச்சிடுங்க.

நிகான் கூல்ஸ்கேன்தான் இந்த ஏரியாவோட சூப்பர் ஸ்டார். 5000 ஈடி மாடல், சொன்ன 4,000-த்தை ஏறக்குறைய அப்படியே கொடுக்கும். தனியா ஒரு ஃபீடர் வாங்கி மாட்டினா 50 ஸ்லைடை தானே விழுங்கித் துப்பும். கம்பெனி தயாரிப்பை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. இப்போ செகண்ட் ஹேண்ட்தான், ரிப்பேர்னா ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலையணும். மினோல்டா டைமேஜ் 5400-ம் அருமையான மிஷின். 2006-ல கோனிகா மினோல்டா கேமரா பிசினஸையே மூட்டை கட்டினதுல அதுவும் அநாதை ஆயிடுச்சு.

இப்போ மேட்டருக்கு வர்றேன். நிறைய ஸ்கேனர்ல ‘டிஜிட்டல் ஐஸ்’னு ஒரு வசதி இருக்கும். கலர் ஃபிலிம்ல இருக்கிற சாயத்துக்குள்ள இன்ஃப்ராரெட் ஒளி ஊடுருவிப் போயிடும், தூசியும் கீறலும் மட்டும் அதை மறிக்கும். ஸ்கேனர் அதை வெச்சு தூசிக்கு ஒரு மேப் போட்டு, அந்த இடத்தை மட்டும் நிரப்பிடும். செம ஐடியா! ஆனா கறுப்பு-வெள்ளையில படமா நிக்கிறது வெள்ளி. வெள்ளியும் இன்ஃப்ராரெட்டை மறிக்கும். ஸ்கேனருக்கு அந்த அக்காவோட முகமே ஒரு பெரிய கீறலாத் தெரியும். ‘சரி’ பண்றேன்னு இழுகிவிட்டுடும். கறுப்பு-வெள்ளைனா ஐஸை ஆஃப் பண்ணிடுங்க, ப்ளீஸ்! கலர் ஃபிலிம் மாதிரியே கழுவுற இல்ஃபோர்டு எக்ஸ்பி2 மாதிரி சில ரோல் மட்டும் விதிவிலக்கு. கோடாக்ரோம் ஸ்லைடும் சில மாடல்ல தகராறு பண்ணும்.

நம்ம ஊர் டின்கள்ல கறுப்பு-வெள்ளைதான் ஜாஸ்தி. ஏற்காடு ரோட்டுல போறப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச் பார்த்திருப்பீங்களே... தமிழோட முதல் முழுநீளக் கலர் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-லேயே அவங்க எடுத்தாச்சு. ஆனா நம்ம வீட்டுக் கேமராவுக்குள்ள கலர் நுழைய இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஓடினதுல ‘இந்து’ ரோலும் ஒண்ணு. 1960-ல ஊட்டியில தொடங்கி, 1967-ல உற்பத்திக்கு வந்த அரசாங்க கம்பெனி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸோட சரக்கு. மலையில பிறந்து மலையிலேயே பூஞ்சை பிடிச்ச ரோல்!

அதனால என் தீர்ப்பு: டின் முழுக்க கறுப்பு-வெள்ளைனா இன்ஃப்ராரெட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. பிளஸ்டெக் 8100-க்கும் 8200ஐ-க்கும் முக்கிய வித்தியாசமே அதுதான். 8100 போதும். ஸ்லைடு நிறைய இருந்தா ஃபிளாட்பெட் வேண்டாம். ஸ்லைடோட இருட்டுப் பகுதி ரொம்ப அடர்த்தி, ஃபிளாட்பெட் அங்கே திணறும். நிழல்ல நிக்கிற ஆளே காணாமப் போயிடுவார்.

பட்ஜெட் ஜீரோவா? ஃப்ரெண்டோட 24 மெகாபிக்சல் கேமரா, வாடகைக்கு ஒரு மேக்ரோ லென்ஸ், அடியில வெள்ளை வெளிச்சம். ஃப்ரேமை முழுசா நிரப்பி எடுத்தா 36 மில்லிமீட்டருக்கு 6,000 பிக்சல், கூல்ஸ்கேன் கணக்குக்கு மேலேயே வருது. வெளிச்சத்துக்கு மொபைல் ஸ்க்ரீன் வெச்சா நெகட்டிவ்வை நேரா அது மேல படுக்க வைக்காதீங்க, ஸ்க்ரீன் புள்ளி எல்லாம் படத்துல விழும். நடுவுல ஒரு வெள்ளை அக்ரிலிக் துண்டு, ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி. பூஞ்சை பிடிச்ச ஃப்ரேம்களை முதல் நாளே எடுத்துடுங்க, மத்ததெல்லாம் க்யூவுல நிக்கட்டும்.

எடுத்ததை டிஃப் ஃபைலா வைங்க. 4,000 டிபிஐ, 16 பிட், கறுப்பு-வெள்ளைனா ஒரு ஃப்ரேம் 43 எம்பி சுமார். முந்நூறு ஃப்ரேமுக்கு 13 ஜிபி, ஒரு பென் டிரைவ் சமாச்சாரம். ரெண்டா காப்பி போடுங்க. ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட காத்துப் புகாத டப்பாவுல போட்டு, முடிஞ்சா சேலத்துல இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிடுங்க. அங்கே வெயில் அதிகம், அதனால மொட்டை மாடி ரூம் மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

அப்புறம், பாட்டியைப் பக்கத்துல உட்கார வெச்சு ஒவ்வொரு படத்துலயும் யார் யார்னு கேட்டு ஃபைல் பேரா டைப் பண்ணுங்க. எங்க டின்ல இதுவரைக்கும் 41 பேருக்குப் பேர் கிடைச்சிருக்கு. ஏரிக்கரைப் பையன் மட்டும் யார்னு இன்னும் தெரியல.